விராலிமலைப் பெரியவருக்கு நன்றி

போன ஞாயிறு மதியம் திருச்சி–மதுரை சாலையில் விராலிமலை தாண்டியதும் எங்கள் பழைய பெட்ரோல் அம்பாசடர் நின்றுவிட்டது. அப்பா ஆசையாக ஓட்டிய வண்டி. செல்ஃப் சுற்றுகிறது, பெட்ரோல் வருகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக்கில் பொறி வர உயர் மின்னழுத்தம் தரும் காயில் போய்விட்டது என்றே நினைத்தேன்.

மொபெட்டில் போன நீங்கள் தானாக வந்து நின்றீர்கள். காயிலில் டெஸ்ட் லாம்ப் வைத்தீர்கள், கரண்ட் இருந்தது. அப்புறம் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, என் பையனை செல்ஃப் அடிக்கச் சொன்னீர்கள். உள்ளே திறந்து மூடும் சின்ன சுவிட்சான பாயின்ட் நடுவே நீலமாகப் பெரிய பொறி.

"கண்டென்சர் செத்துப்போச்சு தம்பி. பாயின்ட்ல பொறி பறக்காம தடுக்கறது அதுதான். பொறி இங்கயே பறந்தா பிளக்குக்கு என்ன போகும்?"

உங்கள் பையிலிருந்த கண்டென்சரையே மாட்டினீர்கள். கருகிய பாயின்ட்டை உப்புத்தாளால் இதமாகத் தேய்த்து, கேஜ் வைத்து 0.38 மில்லிமீட்டர் இடைவெளி பார்த்தீர்கள். முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது. பின்சீட்டில் இருந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

பணமும் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. ஐயா, அன்று மாலையே மதுரை சேர்ந்துவிட்டோம். வண்டி இன்றும் உங்கள் கண்டென்சரில்தான் ஓடுகிறது. உங்களுக்குத் தரப் புதிது ஒன்று வாங்கி வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.