மாற்குவுக்கு ஒரு பர்னபா

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. கண்புரை ஆபரேஷனை இனியும் தள்ளிப்போடாதே. எனக்கு நல்லபடியாக முடிந்தது. வீட்டில் எல்லோரும் சுகம்.

பாடகர் குழுவில் நீ பொறுப்புக் கொடுத்த பையன், கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிட்டான் என்று இரண்டு பக்கத்துக்குப் பொரிந்து தள்ளியிருக்கிறாய். 'விசுவாசமெல்லாம் வாயில்தான், இனி அவனுக்கு ஒரு பொறுப்பும் கிடையாது' என்று முடித்திருக்கிறாய். கோபம் நியாயம்தான். அந்த முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை.

பைபிளில் வரும் யோவான் மாற்குவை நினைத்துப் பார். பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குக் கிளம்பியவன், பெர்கேயில் அவர்களை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டான். ஏன் திரும்பினான் என்று இதைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த பயணத்துக்கு அவனைக் கூட்டிப்போகலாம் என்று பர்னபா சொல்ல, பவுல் கூடவே கூடாது என்றுவிட்டார். சாதாரணப் பேச்சில்லை, இரண்டு பேரும் பிரிந்து போகும் அளவுக்குச் சண்டை. பர்னபா மாற்குவை அழைத்துக்கொண்டு சீப்புருதீவுக்கு, அதாவது சைப்ரஸுக்கு, கப்பலேறினார்.

மாற்கு பர்னபாவுக்கு உறவுக்காரன், அதனால் சலுகை காட்டினார் என்று நீ சொல்வாய். ஆனால் சவுலை, அதாவது இதே பவுலை, கண்டு எருசலேம் சீஷர்கள் பயந்து ஒதுங்கியபோது, அவரைக் கையைப் பிடித்து அப்போஸ்தலர்களிடம் கொண்டுபோனதும் இதே பர்னபாதானே? அங்கே என்ன உறவு? கடைசியில் பவுலே சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார். நடுவில் எத்தனையோ வருஷம்.

நற்குணம் ஞானஸ்நானத்தோடு சேர்ந்து வந்துவிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பேதுரு ஆவியின் அபிஷேகம் பெற்ற பிறகும் அந்தியோகியாவில் மனுஷருக்குப் பயந்து, புறஜாதி விசுவாசிகளோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, சாப்பிடுவதை விட்டு விலகினார். பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார். அதாவது கண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்டித்துவிட்டுக் கூடவே வைத்துக்கொள் என்கிறேன்.

இன்னொன்று. ஆவியின் கனி என்று பைபிள் சொல்லும் ஒன்பது நற்குணங்களையும் என் பேத்தி மனப்பாடம் செய்கிறாள். 'நீடிய பொறுமை' என்று சொல்லும்போதே தம்பி கையிலிருந்து பென்சிலைப் பிடுங்குகிறாள்! சிரிப்பு வந்தது. ஆனால் அந்தக் கனி பழுக்க அந்தத் தம்பி வேண்டுமே. தனியறையில் யாரிடம் பொறுமை காட்டுவது? உன் பையனுக்கு உண்மையாயிருக்கப் பழக ஒரு வேலை வேண்டும், உனக்குப் பொறுமை பழக அவன் வேண்டும்.

முதலில் அவன் ஏன் போனான் என்று கேள். உன் கடிதத்தில் அது மட்டும் இல்லை. சபையார் முன்னால் வேண்டாம், தனியாகக் கேள். அப்புறம் சின்னதாக ஏதாவது கொடு. பாட்டுத் தாள்களை எடுத்து வைப்பது, பயிற்சி நேரத்தை எல்லோருக்கும் சொல்வது, அவ்வளவு போதும். தனிப்பாட்டை இந்த வருஷம் வேறு யாராவது பாடட்டும்.

ஆபரேஷன் தேதி முடிவானதும் எழுது. ஜெபத்தில் உன்னையும், அந்தப் பையனையும் நினைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்