காலியான கட்டடத்துக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிட்டனில் பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடங்களிலிருந்து ராணுவக் கல்லூரிகளை இடம் மாற்றும் பேச்சு எழுந்தாலே, நிலம் என்ன விலைக்குப் போகும் என்பதோடு விவாதம் நின்றுவிடுகிறது. கல்லூரி காலி செய்த பின், அடுத்தவர் குடியேறும் வரை கட்டடத்தை யார் பார்த்துக்கொள்வது?

லண்டனின் கிரீனிச்சில் இதை முன்கூட்டியே யோசித்தார்கள். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த வளாகத்தில் 1873 முதல் இயங்கிய ராயல் நேவல் காலேஜ் என்ற கடற்படைக் கல்லூரி 1998-இல் வெளியேறியது. அதற்கு முந்தைய ஆண்டே தனி அறக்கட்டளை தயாராக இருந்தது. பிறகு கிரீனிச் பல்கலைக்கழகமும் டிரினிட்டி இசைக் கல்லூரியும் வந்தன. அங்கேயும் ஒரு சிக்கல்: கிங் வில்லியம் கட்டடத்துக்குள் 1962 முதல் 'ஜேசன்' என்ற 10 கிலோவாட் பயிற்சி அணு உலை இருந்தது. அதைப் பிரித்து அகற்றி முடிக்க 1999 ஆயிற்று. எனவே கல்நார், பழைய எண்ணெய்த் தொட்டி, துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்து ஈயத்தூள் ஆகியவற்றைத் தேடும் ஆய்வு, இடமாற்றத் தேதி குறிப்பதற்கு முன்பே முடிய வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் கட்டடத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். கூரையோரக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஓடும் ஈயத்தகட்டு வாய்க்காலை இலையும் புறா எச்சமும் அடைத்துக்கொண்டால், மழைநீர் உள்பக்கம் வழிந்து, சுவரில் செருகிய உத்திர முனையை நனைக்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டியதும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். உள்கூரையில் கறை தெரிவதற்குள் முனை மக்கிப்போயிருக்கும். இலையுதிர் காலத்தில் மாதம் இருமுறையாவது வாய்க்காலைச் சுத்தம் செய்ய வேண்டும். பெருமழைக்கு மறுநாள் ஒருவர் கூரையேறிப் பார்த்தே ஆக வேண்டும். வெப்பமூட்டியைக் குறைக்கலாம், அடியோடு நிறுத்தக் கூடாது. புகைபோக்கிகளையும் இறுக அடைக்கக் கூடாது. விரிசலைக் கண்டதும் சிமெண்ட் பூசுவது பெருந்தவறு. சுண்ணாம்புச் சுவர் வெளியேற்ற வேண்டிய ஈரத்தை அது உள்ளேயே நிறுத்திவிடும். உறைபனியில் செங்கல்லின் முகம் பெயர்ந்து விழும்.

சாமான் ஏற்றும்போதும் கவனம் தேவை. உணவுக்கூடத்து வெள்ளிப் பாத்திரங்களை எடுத்துச் செல்லலாம். சுவரில் பதித்த நினைவுக் கல்வெட்டுகள் பொதுவாகக் கட்டடத்தின் பகுதி; கழற்றுமுன் அனுமதி பெற வேண்டும். இந்த அனுமதியிலிருந்து அரசுத் துறைகளுக்கு 2006 வரை இருந்த விதிவிலக்கு இப்போது இல்லை.

விற்பனை அறிவிப்புக்கு முன்பே பாதுகாப்பு அமைச்சகம் இடைக்காலப் பராமரிப்புக்கான தொகையைத் தனியே ஒதுக்கி, பொறுப்பேற்கும் அமைப்பு எது என்பதையும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்