ஒரு கூடை மல்கோவா: எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

மாதந்தோறும் சேலத்தில் கூடிப் படிக்கும் எங்கள் வாசிப்பு வட்டத்து நண்பர்களுக்கு,

வணக்கம்.

வரும் மே மாதம் ஏற்காட்டில் நடக்கவிருக்கும் இரண்டு நாள் சந்திப்பில், ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலோடு 1995-இல் ஆங் லீ இயக்கிய ஆங்கிலப் படத்தை மட்டும் திரையிடுவது என்றும், அதே நாவலைத் தழுவி ராஜீவ் மேனன் 2000-இல் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' பாட்டும் ஆட்டமுமாக மூலத்தை விட்டு விலகிப்போனதால் அதைத் தவிர்ப்பது என்றும் சென்ற கூட்டத்தில் முடிவெடுத்தீர்கள். அன்று நான் வாய் திறக்காமல் இருந்தது தவறு. அந்த முடிவை மாற்றிக்கொள்ளுமாறு கேட்கவே இதை எழுதுகிறேன்.

1811-இல் வெளிவந்த அந்த நாவலைக் காதல் கதை என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதன் முதல் பக்கங்களில் இருப்பதோ ஓர் உயில். சாகக் கிடக்கும் தந்தையிடம், சிற்றன்னையையும் மூன்று தங்கைகளையும் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்த ஜான் டாஷ்வுட், தங்கைகளுக்கு 3,000 பவுன்ட் கொடுக்க நினைக்கிறான். இரண்டாம் அத்தியாயத்தில் மனைவி ஃபேனி பேசப் பேச, அந்தத் தொகை பாதியாகி, பிறகு அவ்வப்போது 50 பவுன்ட் என்றாகி, கடைசியில் பருவத்துக்குப் பருவம் மீனும் வேட்டைக்கறியும் அனுப்பினால் போதும் என்று முடிகிறது.

என் தாத்தா செவ்வாய்ப்பேட்டையில் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை மாமாவுக்கே உயில் எழுதி வைத்தார். குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது என்றாலும், சுயசம்பாத்தியத்தை உயில் எழுதுகிறவரின் கையை அது பிடிப்பதில்லை. தங்கைக்கு ஏதாவது செய்வதாகத் தாத்தாவின் தலைமாட்டில் சொன்ன மாமாவிடமிருந்து, ஆண்டுதோறும் வைகாசியில் வைக்கோல் பரப்பிய ஒரு கூடை மல்கோவா வந்தது. அம்மா பழங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, எண்ணி, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார். ஒன்றையாவது அவர் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை.

ஆங் லீயின் படத்தில், வீடு ஏன் மகனுக்கே போகிறது என்பதை அக்காள் சிறிய தங்கைக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருக்கிறது. தமிழ்ப் படத்தில் அந்த விளக்கத்துக்கு வேலையே இல்லை. செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் பேச்சிழந்து கிடக்கும் கிழவர் எதையோ சொல்லத் துடிக்கிறார். அவர் இறந்தபின் பெட்டியைத் திறந்தால், தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்ட மகளை ஒதுக்கி, எல்லாவற்றையும் மகனுக்கு எழுதிய பழைய உயில் கிடக்கிறது. படம் வந்த புதிதில் அதைப் பார்க்கப் போனபோது, பெட்டி திறக்கும் முன்பே என் பக்கத்தில் இருந்த அம்மா, "உள்ளே என்ன எழுதியிருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். இங்கிலாந்தின் சொத்து ஏற்பாட்டை ஒரு தமிழ்த் தந்தையின் தீராத கோபமாக மாற்றியதைவிட உண்மையான தழுவல் இருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

பாடல்களுக்கு வருகிறேன். நாவலில் மூன்று தங்கைகளில் நடுப்பெண்ணான மரியான் கவிதைப் பித்துள்ளவள். ஆங்கிலக் கவிஞர் கூப்பரின் கவிதையை உணர்ச்சியில்லாமல் படிக்கிறவரை அக்காள் எப்படி விரும்புகிறாள் என்று வியப்பவள். தமிழ்ப் படத்தில் அவள் இடத்தில் வரும் மீனாட்சிக்குப் பாரதியின் மேல் பித்து. கவிதையை உயிராக நினைக்கும் ஒருத்தியின் கதையைத் தமிழில் சொல்லும்போது, 'சுட்டும் விழிச்சுடர்' பாட்டாக ஒலிக்காமல் வேறு எப்படி ஒலிக்கும்? மேலும், நாம் மலையேறும் பேருந்து பழைய படநிறுவனமான மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவைத் தாண்டித்தான் போகும். 1942-இல் 'மனோன்மணீயம்' நாடகத்தைப் பாட்டுகளோடு படமாக்கியவர்கள் அவர்கள். பாட்டோடு கதை சொல்வதைக் குறை என்று இந்த ஊர்க்காரர்களாகிய நாமே சொல்லலாமா?

படத்தில் எனக்கு மனக்குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தான் விரும்புகிறவருக்கு ஏற்கெனவே ரகசியமாக நிச்சயமாகியிருப்பதை நிச்சயமான பெண்ணின் வாயாலேயே கேட்டு, வாக்குக் கொடுத்துவிட்டதால் நான்கு மாதம் அதைத் தங்கையிடமும் சொல்லாமல், "உனக்கு நெஞ்சே இல்லை" என்பதுபோன்ற பழியையும் பொறுத்துக்கொள்கிற மூத்தவள் எலினார்தான் நாவலின் உயிர். படம் அந்த ரகசியத்தை எடுத்துவிட்டு, காதலனையும் ஒரு சினிமா நடிகையையும் சேர்த்துப் பேசும் வதந்தியை வைத்தது. எலினாரின் இடத்தில் வரும் சௌமியாவுக்கு 'ராசியில்லாதவள்' என்ற சுமையைக் கொடுத்தது நம் மண்ணுக்குப் பொருந்துகிறது, அந்த வேடத்தில் நடித்த தபுவும் அதை முகத்திலேயே சுமக்கிறார். ஆனாலும் அது பிறர் ஏற்றிய சுமை. எலினார் சுமந்தது தானாக ஏற்றுக்கொண்டது. இந்த இழப்பு பெரியது. அதைப் பேசுவதற்காகவாவது இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

ஆகவே முதல் நாள் மாலை தமிழ்ப் படத்தையும், மறுநாள் காலை ஆங்கிலப் படத்தையும் திரையிடக் கேட்டுக்கொள்கிறேன். பாடல்களை ஓட்டிவிடாமல் முழுமையாகக் காட்டுங்கள். படத்துக்கு முன்னால் அரைமணி நேரம் கொடுத்தால், இரண்டாம் அத்தியாயத்தை நானே தமிழில் வாசிக்கிறேன், மொழிபெயர்த்து வைத்திருக்கிறேன். அம்மாவையும் அழைத்து வருவேன்.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து உங்கள் உறுப்பினர் ஒருத்தி