வேலையின்மை வீதம் குறைந்தால் வேலை கூடியதாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலை செய்வோரையும் வேலை தேடுவோரையும் வீடு வீடாகக் கேட்டுக் கணக்கிடும் இலங்கையின் தொழிற்படை அளவீட்டின் ஆண்டறிக்கை வெளிவந்ததும், மாவட்டத்தின் வேலையின்மை வீதம் ஏறியதா இறங்கியதா என்ற ஒரே கேள்விதான் மேடைகளிலும் அபிவிருத்திக் கூட்டங்களிலும் எழுகிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு உள்ளிட்ட வன்னியைப் பொறுத்தவரை அந்த ஓர் எண்ணை நம்பி எதையும் தீர்மானிக்கக்கூடாது.

கணக்கெடுப்பில் ஒருவர் ‘வேலையற்றவர்’ என்று பதியப்படுவது இலேசல்ல. 15 வயது நிரம்பிய அவர் முந்திய வாரத்தில் ஒரு மணித்தியாலமேனும் வேலை செய்திருக்கக்கூடாது. கடந்த நான்கு வாரங்களுக்குள் வேலை தேடி ஏதாவது முயற்சி எடுத்திருக்க வேண்டும். கிடைத்தால் இரண்டு வாரங்களுக்குள் சேர ஆயத்தமாகவும் இருக்க வேண்டும். ஒட்டுசுட்டானில் படித்துவிட்டு, விண்ணப்பிக்க இடமே இல்லையென்று தேடுவதை விட்ட பிள்ளை இந்தக் கணக்கில் வேலையற்றவர் அல்ல; தொழிற்படைக்கே வெளியே நிற்பவர். அந்த வாரத்தில் ஒரேயொரு நாள் களை பிடுங்கக் கூலிக்குப் போனவரோ தொழில் உள்ளவர்.

நாடளாவிய எண்களிலேயே இதைப் பார்க்கலாம். 2022இலும் 2023இலும் வேலையின்மை வீதம், அதாவது தொழிற்படையில் வேலையற்றோரின் பங்கு, மாறாமல் 4.7 சதவீதமாக இருந்தது. ஆனால் 15 வயது நிரம்பியோரில் தொழிற்படையில் உள்ளோரின் பங்கான தொழிற்படைப் பங்கேற்பு வீதம் 49.8இலிருந்து 48.6ஆக இறங்கியது. தொழிற்படையில் 4.7 சதவீதம் போக மிச்சம் 95.3 சதவீதத்தினருக்குத் தொழில் உண்டு; ஆகவே பங்கேற்பு வீதத்தை 0.953ஆல் பெருக்கினால், 15 வயது நிரம்பிய 1,000 பேரில் 2022இல் ஏறக்குறைய 475 பேருக்குத் தொழில் இருந்தது. 2023இல் 463 பேருக்கு. பன்னிரண்டு பேரின் தொழில் குறைந்திருக்க, தலைப்பு எண் அசையவே இல்லை. எந்த மாவட்டத்துக்கும் இந்தப் பெருக்கலைச் செய்யலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறுவேறாகச் செய்வதுதான் முறை. 2023இல் ஆண்களின் பங்கேற்பு 68.6, பெண்களுடையது 31.3 மட்டுமே.

அடுத்த சிக்கல் மாதிரியின், அதாவது கேள்வி கேட்கத் தெரிவாகும் வீடுகளின், அளவு. ஆண்டுக்கு 25,750 வீடுகள், 25 மாவட்டங்கள். சராசரி ஆயிரம் வீடு என்றாலும், முல்லைத்தீவு போன்ற சனத்தொகை குறைந்த மாவட்டத்துக்கு அவ்வளவு வராது. ஒரு மாவட்டத்தில் தொழிற்படையைச் சேர்ந்த 500 பேர் அகப்பட்டதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 25 பேர் வேலையற்றவர் என்றால் வீதம் 5. மாதிரிப் பிழையால் மட்டும் அது 3க்கும் 7க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஒரே கணக்கெடுப்புப் பிரிவில் பத்து வீடுகள் எடுக்கப்படுவதால் உண்மையான பிழை இன்னும் கூடும். 5 என்றிருந்தது மறு வருடம் 6.5 ஆனதை ‘உயர்வு’ என்று எழுதினால் பிழை. மூன்று ஆண்டுகளின் சராசரியை அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிடுங்கள். 2020இன் கொரோனாவும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் எந்தச் சராசரிக்குள் விழுகின்றன என்பதையும் குறித்துவிடுங்கள்.

நீண்டகாலப் போக்கு என்று சொல்லிக் கோடு கீறுவோருக்கும் ஒன்று. இந்த அளவீடு 1990இல் தொடங்கினாலும், வடக்கு மாகாணம் விடாமல் சேர்க்கப்படுவது 2011 முதல்தான். 2013இலிருந்து வயது எல்லையும் 10இலிருந்து 15 ஆனது. இரண்டையும் தாண்டி இழுக்கும் கோட்டில் வன்னியின் கதை இல்லை. 2024 குடிசன மதிப்பீட்டின்படி கணக்கின் சனத்தொகை அடிப்படை மாறும்போது, எத்தனை பேர் என்ற ஆட்தொகை திடீரெனத் தாவக்கூடும். ஆகவே தொகையை விட்டு வீதங்களையே ஒப்பிடுவது நல்லது.

மாவட்டச் செய்தியோடு பங்கேற்பு வீதம், தொழில் உள்ளோர் பங்கு, பெண்களின் பங்கேற்பு ஆகிய மூன்றையும் மூன்றாண்டுச் சராசரியாக ஒரு சிறு அட்டவணையில் தாருங்கள். அரைப் பத்தி இடம் போதும்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். கணக்கெடுப்பாளர் வந்து கேட்டால், வீட்டுப் பெண்களைப் பற்றி ‘சும்மாதான் இருக்கினம்’ என்று சொல்லிவிடாதீர்கள். போன வாரம் சொந்த வயலில் நாற்று நிரவினாரா, விற்கவிருக்கும் கருவாட்டைக் காயப்போட்டாரா, கடையில் நின்றாரா என்று நாள் நாளாக நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் அவர் குடும்பத் தொழிலாளியாகப் பதியப்பட வேண்டியவர். இயன்றால் அவரே பதில் சொல்லட்டும்.

வாசகர்,
கிளிநொச்சி