கபடிப் பிள்ளைகள் கண்ணை மூடி எதை நினைக்க வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

குறுவட்டப் போட்டி நெருங்கினால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பள்ளி மைதானங்களில் கபடி அணியை வட்டமாக உட்கார வைத்து, "கண்ணை மூடுங்க, கோப்பை வாங்குற மாதிரி நினைச்சுக்குங்க" என்று சொல்வதுண்டு. நல்லெண்ணம்தான். ஆனால் கோப்பையை நினைத்து எந்தப் பிள்ளைக்கும் கணுக்கால் பிடி கைவந்ததில்லை. மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டியது பிடியைத்தான்.

இடது கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று தடுப்பவர், போடும் பிடியை எடுத்துக்கொள்வோம். ஏழு பேரும் களத்தில் அவரவர் இடத்தில், ஆடும்போது போலவே முழங்காலை மடக்கிக் கண்ணை மூடி நிற்கட்டும். பயிற்சியாளர் நடுக்கோட்டிலிருந்து, "ரெய்டர் போனஸுக்குக் கால் நீட்டுறான்" என்கிறார். பாடி வருபவர்தான் ரெய்டர், போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து ஒரு புள்ளி எடுக்கப் பார்க்கிறார். கார்னர் தன் இரு கைகளும் அந்தக் கணுக்காலைப் பூட்டுவதை உணர்ந்ததும் "பிடி" என்று குரல் கொடுக்க வேண்டும். ரெய்டர் திரும்பும் வழியை அடைக்கும் தடுப்பாளரான கவர், தான் பாயும் நொடியில் "வந்தேன்" என்க வேண்டும். குழு ஆட்டத்தில் இந்தக் குரல்தான் உயிர். "பிடி"க்கு முன்பே கவரின் குரல் வந்தால், நிஜத்தில் ரெய்டர் சுதாரித்துக் காலை இழுத்துக்கொள்வார். பிந்தி வந்தால், கார்னரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். யார் மனதில் ஆட்டம் பிசகுகிறது என்பது காதிலேயே விழும். மூன்று முறை குரலில், உடனே மூன்று முறை உடம்பில். மொத்தம் ஐந்து நிமிடம் போதும். பத்தைத் தாண்டினால் பிள்ளைகளின் மனம் வீட்டுக்குப் போய்விடும்.

ரெய்டருக்கு ஸ்டாப்வாட்ச் வேண்டும். மனதுக்குள் பாடிப் போய்த் திரும்பியதும் கையைத் தூக்கட்டும். 30 நொடி ரெய்டுக்கு 50 நொடி எடுத்தால், மெதுவாக ஓடும் ஆட்டத்தைத்தான் அவர் பழகுகிறார். தன்னை டிவியில் பார்ப்பதுபோல் வெளியிலிருந்து பார்ப்பது, அணி பிரிந்து நிற்கும் இடைவெளியை அறிய உதவும். பிடிக்குத் தன் கண்ணாலேயே பார்ப்பது மேல். சிலருக்குக் காட்சியே தெளிவாக வராது. வற்புறுத்தாதீர்கள், கைப்பிடியின் இறுக்கத்தையும் மூச்சையும் உணரட்டும். வழுக்கி விழுவதே திரும்பத் திரும்ப வந்தால், அதற்கு இரண்டு நொடி முன்னே போய்ச் சரியாக ஓட்டச் சொல்ல வேண்டும். பிடி தெரியாத புதுப் பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம். தப்பான பிடிதான் மனதில் பதியும்.

செம்மண்ணில் வெறுங்காலோடு பழகும் நம் பிள்ளைகள் பெரிய போட்டிகளில் ஷூ மாட்டி மேட் விரிப்பின் மேல் ஆட வேண்டியிருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் ஷூவும் ஜெர்சியும் போட்டே இப்பயிற்சியைச் செய்ய வேண்டும். ஆடும் உடை, ஆடும் இடம், ஆடும் வேகம் என்று 2001இல் ஹோம்ஸ், காலின்ஸ் என்ற ஆய்வாளர்கள் வகுத்த முறையும் இதையே வலியுறுத்துகிறது. மனப்பயிற்சி சும்மா இருப்பதைவிட மேல் என்பதும் 1983இலேயே பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லப்பட்டதுதான். ஆனால் களத்தில் இறங்கிப் பழகுவதற்கு அது ஈடாகாது.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம்களில் இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். அதுவரை, கணுக்கால் சுளுக்கி மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கோட்டருகே நாற்காலி போட்டுத் தன் இடத்துக் குரலைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கபடிப் பயிற்சியாளர்கள் சிலர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.