பழைய கராஜ் மூடுறவங்க இரும்புக்கடைக்குக் குடுக்க முதல் பேப்பர்ல போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்கட பேப்பர்ல காணி விற்பனைக்கு, மணமகன் தேவைக்கு, அனெக்ஸ் வாடகைக்கு எல்லாத்துக்கும் சின்ன விளம்பரம் வருது, பழைய வாகன சாமானுக்கு மட்டும் ஒரு மூலை இல்ல. அதைக் கேக்கத்தான் எழுதுறன். காரணத்தைச் சொன்னா சிரிப்பீங்க, சிரிச்சாலும் பரவாயில்ல, முழுசா வாசிச்சிட்டு முடிவெடுங்க.

என்ட அக்காட மகன் கனடாவில பழைய பனி வண்டி ஒண்டை வாங்கித் திருத்திக்கொண்டு இருக்கிறான். பொம்பார்டியர் பி12 எண்டு பேர். முன்னுக்கு டயருக்குப் பதிலா ரெண்டு சறுக்குப் பலகை, பின்னுக்கு ரெண்டு பக்கமும் ரப்பர் பட்டி, ப்ளைவுட் பொடி, கப்பல்ல இருக்கிற மாதிரி வட்ட ஜன்னல், 12 பேர் ஏறலாம். பொம்பார்டியர் எண்டா எங்களுக்கு ப்ளேன் தான் ஞாபகம் வரும், ஆனா அந்தக் கம்பனி துவங்கினதே இந்தப் பனி வண்டியால தான். ஜோசப் அர்மான் பொம்பார்டியர் கியூபெக்ல வல்கோர் எண்ட சின்ன ஊர்ல கராஜ் வச்சிருந்த மனுசன், 1934இல அவர்ட சின்ன மகன் வருத்தம் வந்து பனியால ரோட்டு மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாம செத்துப்போனான். அதுக்கு முதலே பனியில ஓடுற வண்டி செய்யிற யோசனை அவருக்கு இருந்தது, அதுக்குப் பிறகு விடவேயில்ல. ரப்பர் போட்ட பல்சக்கரத்தில பட்டி சுத்துற முறைக்கு 1937இல காப்புரிமை எடுத்தார், 1942இல கம்பனி. டொக்டர்மார், தபால், பள்ளிக்கூடப் பிள்ளையள் எல்லாம் அதில போனாங்க, பிறகு 1948இல கியூபெக் அரசாங்கம் கிராமத்து ரோட்டுப் பனியையும் அள்ளத் துவங்கினதோட வியாபாரம் படுத்திட்டுது.

இப்ப அந்த வண்டிக்கு சாமான் தேடுறது தான் பெரும்பாடு. அவன் அங்க தேடிக் களைச்சு கடைசியா எனக்கு வட்ஸ்அப்ல, மாமா, கொழும்பில வாகன சாமான் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தையில ஒருக்கா கேட்டுப் பாருங்களேன் எண்டான். நானும் போனன். முதல் கடையில பனி வண்டி எண்டு சொன்னதும், எங்க நுவரெலியாவுக்கா எண்டு கேட்டு கடையே சிரிச்சுது. அடுத்த கடையிலயும் கதை அதே தான்.

ஒரு சந்துக்குள்ள வயசான நானா ஒராள் இருந்தார், அவர் சிரிக்கேல்ல. வண்டிட பேர் எனக்கு வேணாம் தம்பி, பெயரிங்ல (தண்டு சுழல உதவுற இரும்பு வளையம்) என்ன நம்பர் வெட்டியிருக்கு எண்டு கேட்டார். அங்க தான் விசயம் இருக்கு. பெயரிங் கம்பனிக்கு அது பனியில ஓடுதா வயல்ல ஓடுதா எண்டு கவலையில்ல. 6205 எண்டு இருந்தா உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15, எந்த நாட்டில எந்தக் கம்பனி செஞ்சாலும் அதே தான், கடைசி ரெண்டு நம்பரை அஞ்சால பெருக்கினா உள்விட்டம் வரும் (04க்குக் கீழ இது சரிவராது, அதையும் அவர் தான் சொன்னார்). பழைய அமெரிக்க வண்டி வழிய இஞ்சிக் கணக்கில டேப்பர் பெயரிங் வரும், அதில கப்புக்கு (வெளி வளையம்) ஒரு நம்பர் கோனுக்கு (உள் வளையம்) ஒரு நம்பர், ரெண்டையும் வாசிச்சு அனுப்பச் சொல்லோணும். ஒயில் கசியாமத் தடுக்கிற ஒயில் சீலும் இப்பிடித்தான், நம்பர் அழிஞ்சு போயிருந்தா தண்டு எவ்வளவு, வெளி எவ்வளவு, தடிப்பு எவ்வளவு எண்டு வெர்னியரால அளந்தா போதும். வண்டி தான் அபூர்வம், உள்ளுக்க இருக்கிற சாமான்ல பாதிக்கு மேல ஊரெல்லாம் ஓடினது.

எஞ்சினும் அப்பிடித்தான். அவன்ட வண்டியில கிடக்கிறது கிரைஸ்லர் கம்பனிட சைட் வால்வ் ஆறு சிலிண்டர், டொட்ஜ், ப்ளிமத், டி சோட்டோ கார், ஃபார்கோ லொறி எண்டு எல்லாத்திலயும் போட்ட அதே குடும்பம், வெல்டிங் ப்ளான்ட்டுக்குக் கூடப் போட்டிருக்காங்க. ஆனா ஒரு பொறி இருக்கு, ஹெட் (எஞ்சின்ட மேல் மூடி) நீளம் 23 இஞ்சியிலயும் இருக்கு 25 இஞ்சியிலயும் இருக்கு. அமெரிக்க ப்ளிமத், டொட்ஜ் கார் எல்லாம் சின்னது, கனடாவில செஞ்சது பெரியது, அதால அமெரிக்காவில இருந்து ப்ளிமத் ஹெட் காஸ்கெட் எடுப்பிச்சா கனடா எஞ்சினுக்கு இருக்காது. டேப் எடுத்து ஹெட்டை அளக்காம ஒரு சதமும் குடுக்கக் கூடாது. கரண்டும் அந்த நாள் ஆறு வோல்ட், அதுவும் பொசிட்டிவ் எர்த் (பற்றரிட பொசிட்டிவ் பக்கத்தை வண்டிட இரும்போட இணைக்கிறது), இப்பத்தைய பெடியளுக்குச் சொன்னா நம்பமாட்டாங்க. ஆறு வோல்ட் பல்ப் ஹோர்ன் எண்டா பழைய பீட்டில் கார் வச்சிருந்தவங்கட வீட்டு லாச்சியில கிடக்கும், கேட்டுப் பாருங்க.

ரப்பர் விசயத்தில எங்கட ஆக்களுக்கு வெக்கப்பட ஒண்டும் இல்ல. 1876இல கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்தில ரப்பர் கண்டு நட்ட நாடு இது, இண்டைக்கு சொலிட் டயர் ஏற்றுமதியில உலகத்திலயே முன்னுக்கு நிக்கிறம். மொரிஸ் மைனருக்கு பொடித் தகடு இங்க அடிச்சு இங்கிலாந்துக்கே அனுப்பின காலமும் உண்டு. அப்ப பழைய பல்சக்கரத்துக்கு திரும்ப ரப்பர் பிடிக்கிறது எங்கட ஆக்களுக்கு பெரிய வேலையா?

கை இருக்கு, சாமானும் இருக்கு, ஆனா எங்க இருக்கு எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. என்ட கோவம் இதில தான். மருதானைப் பக்கம் பழைய கராஜ் ஒண்டு அண்மையில மூடினாங்க, பாஸ் மோசம் போனாப் பிறகு பிள்ளையளுக்கு அதில விருப்பமில்ல, அது அவங்கட இஷ்டம். ஆனா ராக்கையில பெட்டி உடைக்காம கிடந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, கார்பரேட்டர் கிட், வாட்டர் பம்ப் எல்லாம் கிலோக் கணக்கில இரும்புக்கடைக்குப் போயிட்டுது, பார்ட்ஸ் லிஸ்ட் புத்தகங்கள் பழைய பேப்பரோட சேர்ந்து போயிட்டுது. அந்தப் புத்தகம் தான் உண்மையில பெரிய நட்டம், எந்த நம்பர் எந்த நம்பருக்குப் பதிலா வரும் எண்டு அதில தான் இருக்கும். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி, தனியார் வாகனத்தை 2025 பெப்ரவரியில தான் திரும்ப விட்டாங்க, அவ்வளவு காலமும் இந்த நாட்டு ரோட்டில வண்டி ஓடினது இப்பிடியான கராஜுகளால தான். அதுக்குக் கிடைச்ச மரியாதை கிலோக் கணக்கு.

ஆகவே ஆசிரியர் ஐயா, ஞாயிறு பேப்பர்ல ஒரு சின்னப் பத்தி ஒதுக்குங்க. விலை மலிவா வச்சா தான் ஆக்கள் போடுவாங்க. கராஜ் மூடுறவங்க, பார்ட்ஸ் கடை மாத்துறவங்க, அப்பாட சாமான் வச்சிருக்கிறவங்க என்ன இருக்கு எண்டு நம்பரோட போடட்டும், தேடுறவங்களும் நம்பரோட போடட்டும். "பழைய கார் சாமான் உண்டு" எண்டு மட்டும் போட்டா பிரயோசனம் இல்ல, வண்டிப் பேர் மட்டும் போட்டாலும் பிரயோசனம் இல்ல. நம்பர் இல்லாட்டி அளவு, அளவும் தெரியாட்டி பக்கத்தில அடிமட்டம் வச்சு ஒரு படம்.

முதல் விளம்பரம் என்னுடையதா இருக்கட்டும், காசு கட்டுறன். தேவை: கிரைஸ்லர் ஆறு சிலிண்டர் சைட் வால்வ் எஞ்சினுக்கு ஹெட் காஸ்கெட், 25 இஞ்சி ஹெட்டுக்கு மட்டும். ஆறு வோல்ட் ஸ்டார்ட்டர், சுத்தினாலும் சுத்தாட்டியும் பரவாயில்ல. அந்த எஞ்சின்ட பார்ட்ஸ் லிஸ்ட் புத்தகம் எந்த நிலையில இருந்தாலும், கறையான் அரிச்சிருந்தாலும் எடுப்பன்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவர்,
கொழும்பு 13.