பழைய நாணயங்களைப் புளியிட்டுத் தேய்க்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், கறுத்துப்போன பழைய வெள்ளி, செப்பு நாணயங்களைப் புளியும் பல்பொடியும் கொண்டு தேய்த்தால் புதிதுபோல் மின்னும் என்று வந்த வீட்டுக் குறிப்பைப் படித்து வருந்தினேன். குத்துவிளக்குக்கு ஏற்ற அந்த முறை நாணயத்துக்கு ஆகாது.

வெள்ளி நாணயத்தின் கருமை அழுக்கன்று. காற்றிலும், மட்டமான அட்டை, கம்பளி, ரப்பர் ஆகியவற்றிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய சல்பைடு படலம் அது. ரப்பர் வளையம் சுற்றிய நாணயத்தில் வளையம் பட்ட இடம் மட்டும் கறுங்கோடாக நிற்பது இதனால்தான். நாணயத்தின் மேல்தோல் வெள்ளியே படலமாக மாறியிருப்பதால், அதைத் தேய்த்து எடுக்கும்போது வெள்ளியும் உடன் போகிறது. அச்சிட்டபோது அமைந்த ஒளி திரும்புவதேயில்லை. சீராகப் படர்ந்து நீலமும் பொன்னிறமும் காட்டும் படலத்துக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவதும் உண்டு.

என் பாட்டியின் சிறுவாட்டில் இருந்த 1918-ஆம் ஆண்டு ஒரு ரூபாயைப் பள்ளி நாளில் விபூதியிட்டுத் தேய்த்தேன். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கியில் உள்ள சிறிய யானை உருவம் அதில் தேய்ந்து மழுங்கிவிட்டது. பின்னாளில் அதைப் பார்த்த வணிகர் ஒருவர், 11.66 கிராம் எடைக்குரிய வெள்ளி விலையைத் தவிர வேறொன்றும் தர இயலாது என்றார். அந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை.

செப்பு நாணயங்களில் விரல்பட்ட இடத்து வியர்வை உப்பே பெரும்பாலும் கரும்புள்ளியாகிறது. ஆகவே விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் மட்டும் வேறு வகை. குளோரைடு உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும் இந்தக் களிம்பு கண்ட நாணயத்தை உடனே உலர்ந்த இடத்தில் தனியே வைத்து, அறிந்தவரிடம் காட்ட வேண்டும். செப்புத் திருமேனிகளையும் தாக்கும் இந்நோய்க்குச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புக் கூடம் நெடுங்காலமாக மருத்துவம் செய்துவருகிறது. பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்கால் ஆன நாணய உறைகள் கசியவிடும் பச்சைப் பிசுக்கோ, அசிட்டோன் என்னும் கரைப்பானில், அதுவும் தூயதில், ஊறவைத்தாலே நீங்கிவிடும், தேய்க்க வேண்டியதில்லை.

அக்குறிப்பை நம்பி எவரேனும் வீட்டிலுள்ள நாணயங்களைத் தேய்க்கத் தொடங்கும் முன், அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர் ஒருவர்,
மதுரை.